புதன்கிழமைச் சவரம்

கொட்டாரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பழக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கும் சலூன் கிருஷ்ணமணியுடையது. இரண்டு நாற்காலி, சுவர் நிறையக் கண்ணாடி, யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டி.வி. அவருக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. தலைக்குத் தவறாமல் சாயம் பூசுவார், மீசைக்குப் பூசமாட்டார். கேட்டால், தலை கடைக்கு விளம்பரம், மீசை என் சொந்த விஷயம் என்பார். கோபக்காரர். முடி வெட்டும்போது போனை நோண்டிக்கொண்டு தலையைக் குனிகிறவர்களைச் சீப்பால் மண்டையில் தட்டி நிமிர்த்துவார். தட்டு வாங்கியவர்களும் அடுத்த மாதம் அவரிடம்தான் வருவார்கள். கை அப்படி.

எல்லாச் சலூன்களையும் போலச் செவ்வாய்க்கிழமை அவருக்கும் விடுமுறை. அன்றைக்கு மத்தியானம்வரை தூங்குவார், பிறகு எழுந்து மனைவி பகவதியோடு ஏதாவது ஒரு காரணத்துக்காகச் சண்டை பிடிப்பார். இந்த ஒழுங்கைக் கெடுத்தவள் பெமிலா.

பெமிலா முட்டத்துப் பெண், நர்ஸ். ஒரு அறக்கட்டளையின் பாலியேட்டிவ் வண்டியில், தீராத நோயோடு படுத்துவிட்டவர்களின் வீடுகளுக்குப் போகிறவள். நோயைத் தீர்ப்பது அவள் வேலை இல்லை. அதற்கு முயன்ற ஆஸ்பத்திரிகள் எல்லாம் கைவிரித்த பிறகுதான் அவளைக் கூப்பிடுவார்கள். வலியைக் குறைப்பாள், புண்ணைக் கழுவிக் கட்டுவாள், படுக்கைப்புண் வராமல் புரட்டிப்போட வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பாள், அழுகிறவர்கள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கடைக்கு வந்து, முட்டத்தில் ஒருவர் முதுகுத்தண்டில் கட்டி வந்து எழ முடியாமல் கிடக்கிறார், தலைமுடி சிக்குப் பிடித்து நாறுகிறது, மூன்று கடைகளில் கேட்டும் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் வர மறுக்கிறார்கள் என்றாள். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார் கிருஷ்ணமணி. ஏன் ஒப்புக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது. மற்ற மூன்று பேரும் மறுத்துவிட்டார்கள் என்று அவள் சொன்னதுதான் காரணமாக இருக்கலாம். யாராவது பயந்தார்கள் என்று கேட்டால் அவருக்குப் பொறுக்காது.

முட்டத்தில் அந்த மனிதரைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, ஒரு பாதித் தலையை வெட்டி, மறுபுறம் திருப்பி மீதிப் பாதியை வெட்டினார். முகத்தை மழித்துக் கண்ணாடியைக் காட்டினார். அந்த ஆள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெண்டாட்டியைக் கூப்பிட்டு ஒரு சட்டை எடுத்து வரச் சொன்னார். பல மாதமாகச் சட்டை போடாதவர் அவர். திரும்பும் வழியில் வண்டியில் கிருஷ்ணமணி அழுதார். மறைக்கவும் இல்லை.

அதன் பிறகு செவ்வாய்தோறும் வண்டியில் ஏறினார். கடலோரத்து வேதக்கார வீடுகளில், கிறிஸ்தவர்கள் நாள் கிழமை பார்ப்பதில்லை என்பதால், ஒரு பிரச்சினையும் இல்லை. உள்நாட்டுக்கு வந்தபோதுதான் மாட்டிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை சவரம் செய்யலாகாது என்பதால்தான் அவருக்கு அன்று லீவே; அந்த லீவு நாளில் போய்ச் சவரம் செய்யவா என்றால், வயற்காட்டு ஊர்களில் யார் சம்மதிப்பார்கள்? ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் படுத்த இடத்திலிருந்தே திட்டிய திட்டில், தன் தொழிலின் பஞ்சாங்கமே தனக்கு மறந்துபோனதை நினைத்துக் கிருஷ்ணமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யோசித்துப் பார்த்துப் புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடையை அடைத்தார். வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தால் மயிர் வளராமல் நின்றுவிடாது என்று சொல்லிவிட்டார்.

நாளை மாற்றிவிடலாம். ஆளை மாற்ற முடியுமா? நோயாளி வீட்டு வாசலில் கத்தியோடு வந்து நிற்பவனைப் பார்த்தால் நாஞ்சில் நாட்டு வீடுகளில் வேறு ஒரு ஞாபகம்தான் வரும். கிருஷ்ணமணியின் அப்பா இருந்த காலத்தில் சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆள் அவரைத் தேடித்தான் ஓடும். இறந்தவரின் முகம் மழிப்பது, கொள்ளி வைக்கும் மகனின் தலை மழிப்பது, சங்கு ஊதுவது எல்லாம் அவர் பொறுப்பு. அப்பா போன பிறகு அந்த ஆட்கள் மகனைத் தேடி வந்தார்கள். கிருஷ்ணமணி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை. கடை போட்டதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊர் பேசியது. சில வீட்டு ஆட்கள் அவர் நாற்காலியில் உட்காருவதையே விட்டார்கள்.

அப்படி விட்டவர்களில் ஒருவர் சிவதாணு. கொட்டாரத்திலிருந்து வயல் வழியே போனால் முதலில் வரும் ஊரில் நெல் விவசாயம். முதன்முதலாகக் கிருஷ்ணமணி வர மறுத்தது சிவதாணுவின் அப்பாவின் சாவுக்குத்தான். பிணத்தைப் போட்டுக்கொண்டு வெளியூர் ஆளுக்குக் காத்திருந்த அவமானத்தை அந்த வீடு மறக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகச் சிவதாணு முடிவெட்ட நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினார். எதிரே வந்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

அந்தச் சிவதாணுவுக்குக் கன்னத்தில் புற்று. வாயில் அடக்கியிருந்த புகையிலை உள்ளே அரித்து, வலது கன்னத்தில் வெளியே புண்ணாகத் திறந்துவிட்டது. திருவனந்தபுரம்வரை போய்ப் பார்த்தாயிற்று. இனி அறுக்க முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோய் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பெமிலா மார்பின் மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்கக் கற்றுக்கொடுத்தாள். நாற்றத்தை அடக்க ஒரு மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவக் காட்டிக்கொடுத்தாள். எல்லாம் கட்டுக்குள் வந்தது. தாடி மட்டும் வரவில்லை. புண்ணைச் சுற்றிலும் அடர்ந்து வளர்ந்து, கட்டுப்போடும் பிளாஸ்திரி அதில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் வேரோடு பிய்ந்தது. மார்பினுக்கு அடங்கின வலி, பிளாஸ்திரிக்கு அடங்கவில்லை. நாகர்கோவில் கடைக்காரர்கள் படுத்த ஆளைத் தேடி வருவார்களா என்ன.

பெமிலா சொன்ன பெயரைக் கேட்டதும் கிருஷ்ணமணி முதலில் முடியாது என்றுதான் சொன்னார். அந்த வீட்டில் என்னை ஏற்றமாட்டார்கள், நீ வேறு ஆளைப் பார் என்றார். பிறகு அவராகவே புதன்கிழமை பெட்டியோடு வந்து வண்டியில் ஏறிக்கொண்டார். பிளாஸ்திரியைப் பிரிக்கும்போது மயிரோடு வருவது எப்படி வலிக்கும் என்பதை மற்றவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சிவதாணுவின் மனைவி அழகியநாயகி கேட்டைத் திறக்கவே இல்லை. கம்பிகளுக்குப் பின்னால் நின்று அவரையும் கையிலிருந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பெமிலா விளக்கிச் சொன்னது எதுவும் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

“எங்க மாமா செத்த அண்ணைக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டோம், நீரு வரல்ல. இப்பம் ஒருத்தரும் கூப்பிடல்ல, பெட்டியும் தூக்கிட்டு வந்து நிக்கேரு. அவ்வொ உயிரோடதான் இருக்காவ. போவும்.”

பதில் சொல்லத் தெரியாதவர் அல்ல கிருஷ்ணமணி. கடையில் ஒருவர் ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிற வாய். அன்றைக்கு நேரே வண்டிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால்தான் சுட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. பகவதி, சண்டைக்கு வராத புருஷனைப் பார்த்துக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த புதன்கிழமை பெமிலா அவரைக் கூப்பிடவில்லை. வண்டி கடை வாசலைத் தாண்டும் நேரம் பார்த்து அவரே ரோட்டில் நின்று கைகாட்டினார். கேட்டுக்கு உள்ளே போகமாட்டேன், வெளியே இருக்கிறேன், கூப்பிட்டால் வருகிறேன் என்றார். சொன்னபடி மதிலோரமாக நின்றார். உள்ளே பெமிலா கட்டுப் பிரிக்கும் சத்தம் கேட்டது. சத்தம் என்றால் சிவதாணுவின் குரல்தான். ஒரு காலத்தில் வரப்பில் நின்று கூப்பிட்டால் அடுத்த வயற்காட்டில் கேட்கும் குரல், அது இப்போது தொண்டைக்குள்ளேயே முனகியது. கிருஷ்ணமணி மதிலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

பிறகு, வெளியே நிற்பது யார் என்று பெமிலா சொன்னதும், எவர்சில்வர் தம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டும் சத்தம். வாய் திறந்து கூப்பிட முடியாத சிவதாணு மனைவியை அப்படித்தான் கூப்பிடுவது. அழகியநாயகி உள்ளே ஓடினார். பேச்சுச் சத்தம், அதற்கு மேல் மறுபடி தம்ளர், மறுபடி பேச்சு. கடைசியில் தம்ளர் இடைவிடாமல் அடித்தது. அழகியநாயகி வெளியே வந்தபோது முகம் கறுத்திருந்தது. உம்மை வரச் சொல்லுகாவ என்றார், கேட்டைப் பார்த்துக்கொண்டே.

வரலாம், ஆனால் சில விஷயங்களுக்குச் சம்மதிக்க வேண்டும் என்றார் அழகியநாயகி. பெட்டியை யாரும் பார்க்கக்கூடாது. கத்தியும் கத்தரியும் நர்ஸ் பையில்தான் உள்ளே வர வேண்டும். வீட்டுக்குள் மயிர் விழக்கூடாது. பின்னால் மாட்டுத்தொழுவத்துப் பக்கம் வைத்துத்தான் செய்ய வேண்டும். முடிந்ததும் குளிப்பாட்டி, அந்த இடத்தைச் சாணி தெளித்துக் கழுவ வேண்டும். கிருஷ்ணமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் இவ்வளவு சாதுவாகத் தலையாட்டியதை டிரைவர் அனில்குமார் பிறகு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

அனில்குமாரும் கிருஷ்ணமணியுமாகச் சிவதாணுவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்திப் பின்பக்கம் தூக்கி வந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்த மனிதர் வெயிலில் கண்ணைச் சுருக்கினார். தொழுவத்துக்கு அப்பால் அவருடைய வயலில் கும்பப்பூப் போகத்து நெல் அறுப்பு முடிந்து தாள் நின்றது. மாதக்கணக்கில் அவர் பார்க்காத வயல்.

நோயாளி முகத்தைச் சவரம் செய்வது வேறு வித்தை. கன்னம் ஒட்டிப்போய், கத்தி போகிற வழியெல்லாம் பள்ளம். ஆரோக்கியமான ஆளானால் கன்னத்தை உப்பச் சொல்லலாம், இவரால் முடியாது. கிருஷ்ணமணி துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து வெகுநேரம் தாடியில் வைத்து, நுரைக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தொட்டு, தோலை ஒரு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மயிர் சாய்ந்த பக்கமே கத்தியை விட்டார். புண்ணைச் சுற்றிக் கத்தியே கிடையாது, சின்னக் கத்தரி மட்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்று பெமிலா விரல் வைத்துக் காட்டினாள். ஓர் இடத்திலும் ரத்தம் வரவில்லை. அழகியநாயகி தூணைப் பிடித்துக்கொண்டு, கத்தி நகர நகர மூச்சை அடக்கி நின்றார்.

இடது கன்னத்தை முடித்துத் தாடைக்கு வந்தபோது சிவதாணு பேசினார். சொற்கள் குழைந்து வந்தன, ஆனாலும் புரிந்தது.

“எங்க அப்பாவுக்கு நீ வரல்லேலே.”

கிருஷ்ணமணி கத்தியை எடுத்து மடக்கினார். 

“அதுக்கு முந்தின மாசம்தான் எங்க அப்பா செத்தாரு, அண்ணாச்சி. அவருக்குச் செய்ய ஒரு ஆளும் கிடைக்கல்ல. நான்தான் செய்தேன். தோலை இழுத்துப் பிடிச்சா, பிடிச்ச இடத்துலயே நிக்கி, திரும்பிப் போவல்ல. அதுக்குப் பொறவு செத்த முகத்துல எனக்குக் கை வைக்க முடியல்ல. திமிரு இல்ல.”

“சொல்லியிருக்கலாமே.”

“கேட்டது யாரு?”

ஊர் முழுக்கச் செத்தவர்களுக்கெல்லாம் செய்த மனிதர் செத்தபோது, அவருக்குச் செய்ய ஆள் இல்லை என்பது சிவதாணுவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.  அவர் நாற்காலிக் கைப்பிடியில் இருந்த கிருஷ்ணமணியின் கையை விரலால் தட்டினார்.

“எனக்கும் செத்த பொறவு வராண்டாம். அது வரைக்கும் வா.”

அவ்வளவுதான். கிருஷ்ணமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தியைத் திறந்து மீதித் தாடையை முடித்தார். அன்று பெமிலா போட்ட கட்டு, அடுத்த முறை பிரிக்கும்போது முனகல் இல்லாமல் வந்தது.

ஊர் சும்மா இருக்குமா? முடிவெட்டுகிறவன் வந்துவிட்டுப் போயிருக்கிறான், அடுத்த அமாவாசை தாங்காது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அழகியநாயகியின் காதுக்கும் அது வந்தது. வராமல் பார்த்துக்கொள்ளும் நாகரிகம் நம் தெருக்களுக்கு எப்போதுமே கிடையாது. அமாவாசையன்று அவர் இரவும் பகலும் கணவனின் மூச்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அமாவாசை போயிற்று. சிவதாணு மறுநாள் காலையில் தம்ளரைத் தட்டிக் கஞ்சி கேட்டார். அந்த வாரம் கிருஷ்ணமணி போனபோது வெந்நீர் தயாராக இருந்தது.

அதன் பிறகு எல்லாப் புதன்கிழமையும் தயாராக இருந்தது. மஸ்கட்டிலிருந்து மகன் முருகதாஸ் கூப்பிடும்போது, அதுவரை வீடியோவை அணைக்கச் சொல்லிக் கைகாட்டிக்கொண்டிருந்த சிவதாணு, கட்டுப்போட்ட பக்கத்தைத் தலையணையில் சாய்த்துக்கொண்டு மழித்த பக்கத்தைக் காட்டலானார். மகன் பெரும்பாலும் அழுதான், இவர் பெரும்பாலும் பேசாமல் பார்த்தார். இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது. நடுவில் ஒரு வாரம் கிருஷ்ணமணி காய்ச்சலில் படுத்துவிட, சிவதாணு தாடையைத் தடவித் தடவி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அழகியநாயகியே சொன்னார். சொல்லிவிட்டு, அவரைக் குற்றம் சொல்வதுபோல முறைக்கவும் செய்தார்.

நோய் அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. மார்பின் அளவு ஏறியது. கஞ்சி நின்று, தண்ணீர் மட்டும் ஆயிற்று. கழுத்தில் இன்னொரு கட்டி எழுந்தது. இனி ஆஸ்பத்திரிக்கு வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று அழகியநாயகி தீர்மானமாகச் சொன்னார். பெமிலா வாரம் ஒரு முறை என்பதை விட்டு நினைத்தபோதெல்லாம் வந்தாள்.

கடைசிப் புதன்கிழமை, நாற்காலியில் வைத்துத் தூக்கினால் தாங்கமாட்டார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. கிருஷ்ணமணி கட்டிலருகே நின்று, இன்று வேண்டாம் அக்கா, கஷ்டப்படுத்த வேண்டாம் என்றார். அழகியநாயகி உள்ளே போனார். தன்னுடைய பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து, கணவனின் தலையை மெல்லத் தூக்கித் தலையணையில் விரித்தார்.

“இங்கயே செய்யுங்க. விழுந்தா விழட்டும்.”

கிருஷ்ணமணி வெகுநேரம் எடுத்துக்கொண்டார். சிவதாணு கண்ணைத் திறக்கவில்லை. தோல் இன்னும் சூடாக இருந்தது. இழுத்துப் பிடித்து விட்டால் மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பிப் போயிற்று. தரையில் விழுந்த மயிரை அவர் பொறுக்கக் குனிந்தபோது, அழகியநாயகி தடுத்துத் தானே பெருக்கி எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரத்தில் சிவதாணு இறந்தார். முருகதாஸ் வந்து சேரும்வரை வைத்திருந்தார்கள். செய்தி கேட்டுக் கிருஷ்ணமணி கடையை அடைத்துவிட்டு வெறுங்கையோடு போனார். நாகர்கோவிலிலிருந்து கூலிக்கு வந்திருந்த ஆள் சடங்குகளைச் செய்துகொண்டிருந்தான். குளிப்பாட்டிக் கிடத்தியதும், வழக்கப்படி முகத்தை மழிக்க அவன் கத்தியோடு குனிந்தான். அழகியநாயகி அழுகைக்கு நடுவே எழுந்து அவன் கையைப் பிடித்தார்.

“முகத்துல மழிக்க ஒண்ணும் இல்ல. தொடாண்டாம்.”

உறவுக்காரப் பெரியவர் ஒருவர் முறை என்று ஒன்று இருக்கிறதே என்று இழுத்தார். முறை எல்லாம் புதன்கிழமையே முடிந்துவிட்டது என்றார் அழகியநாயகி. கிருஷ்ணமணி கூட்டத்தின் பின்னால் நின்று அந்த முகத்தைப் பார்த்தார். அப்பாவுக்குப் பிறகு, இறந்த முகம் ஒன்றை அவர் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. பயமாக இல்லை. மனதுக்குத் தாங்க முடியாத வருத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

பதினாறு கழிந்து சில வாரம் சென்றிருக்கும். கடையில் போன் அடித்தது. அழகியநாயகி. தேரூரில் இருக்கும் தன் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, டயாலிசிஸுக்குப் போய்ப் போய் அலுத்து, இனி போகமாட்டேன் என்று படுத்துவிட்டான், பெமிலா போகிறாள், நீங்களும் புதன்கிழமை போக வேண்டும் என்றார். அந்த வீட்டில் என்ன சொல்வார்களோ என்று கிருஷ்ணமணி தயங்கினார். அதற்குள் அழகியநாயகி போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை தேரூர் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, அழகியநாயகி முந்தின பஸ்ஸிலேயே வந்து படியில் நின்றிருந்தார். தாலி அறுத்து வருஷம் திரும்பாத பெண் ஒருத்தி. சாவு வீட்டுக்கே உரிய கத்திக்காரன் ஒருவன். ஊர்க் கணக்குப்படி அந்தப் படியில் இரண்டு அபசகுனங்கள் ஒன்றாக நின்றன. தம்பி பெண்டாட்டி கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டு, இவரைப் பார்த்து, தன் மயினியான அழகியநாயகியைப் பார்த்து, அவ்வொளுக்கு இன்னும் நாள் இருக்கு மயினி, இப்பமே இவரையா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அழகியநாயகி கதவில் கையை வைத்தார்.

“எங்க வீட்டுக்கும் இவரு வந்தாரு. அமாவாசை தாங்காதுன்னு ஊரே சொல்லிச்சு. அதுக்குப் பொறவு நாலு மாசம் இருந்தாவ. மனுஷனாட்டும் இருந்தாவ. வழிய விடு.”

கதவு நின்ற இடத்திலேயே கொஞ்சம் நின்றது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், வீங்கிய விரல்களால் அவர் சவரத்துக்காகச் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.